'பீப்' சத்தம் கேட்டால் போதுமா? கார் பியூஸ், ஒயரிங் சோதனையில் டிரைவர்கள் ஏமாறும் இடங்கள்

தூத்துக்குடி:

இரவு 10 மணி. திருச்செந்தூரில் சாமி கும்பிட்டு விட்டு தூத்துக்குடிக்கு ஒரு வாடகைக் கார் திரும்பிக் கொண்டு இருக்கிறது. பின்சீட்டில் குழந்தைகள் தூங்குகிறார்கள். ஆத்தூர் தாண்டியதும் வலதுபக்க ஹெட்லைட் பொசுக்கென்று அணைந்து விடுகிறது.

எதிரே வரும் லாரிக்காரருக்கு அது கார் என்றே தெரியாது. ஒற்றை விளக்கு என்பதால் மோட்டார் சைக்கிள் என்று நினைப்பார். மோட்டார் சைக்கிளுக்கு வேண்டிய அளவுதான் இடம் விடுவார். அதுவும் அணைந்தது வலதுபக்க விளக்கு. எதிர் வண்டி உரசிக்கொண்டு போகும் பக்கம் அது.

டிரைவர் ஓரம் கட்டுகிறார். பியூஸ் பெட்டியைத் திறந்து செல்போன் வெளிச்சத்தில் பார்க்கிறார். நீலக்கலர் பியூஸ் கருகி இருக்கிறது. ஸ்பேர் பியூஸ் போட்டதும் லைட் எரிகிறது. அடுத்த வேகத்தடையில் வண்டி குலுங்கியதும் மறுபடியும் போச்சு. வேறு நீல பியூஸ் கைவசம் இல்லை. பழைய ஒயரில் இருந்து செம்புக்கம்பியை உருவி, கருகிய பியூசின் 2 காலிலும் சுற்றிச் சொருகுகிறார். லைட் எரிகிறது. வண்டி கிளம்புகிறது.

சிறிது நேரத்தில் பிளாஸ்டிக் தீயும் வாடை அடிக்கிறது.

இது யாரோ ஒருவருக்கு மட்டும் நடந்த கதை இல்லை. ராத்திரி சவாரி போகும் டிரைவர்களுக்கு நன்றாகத் தெரிந்த காட்சிதான். இதில் பியூஸ் மீது தப்பு இல்லை. அது தன் வேலையை 2 முறை ஒழுங்காகச் செய்து விட்டது. அது சொன்ன சேதிதான் டிரைவர் காதில் ஏறவில்லை.

தலைப்பாகையோடு போகட்டும்

பியூஸ் என்பது வேண்டும் என்றே பலவீனமாகச் செய்து வைத்த ஒரு துண்டுக் கம்பி. அளவுக்கு மேல் மின்சாரம் பாய்ந்தால் ஒயர் சூடாவதற்குள் இது உருகி அறுந்து விடும். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போகட்டும் என்பதுதான் கணக்கு.

அந்தக் காலத்து அம்பாசடரில் இருந்தது கண்ணாடிக் குழாய் பியூஸ். இப்போதைய கார்களில் இருப்பது 2 தகடு நீட்டிக்கொண்டு இருக்கும் பிளாஸ்டிக் பியூஸ். 1976-ல் அமெரிக்காவில் வந்த இந்த வகைதான் பிறகு உலகம் முழுவதும் பரவியது. கலரைப் பார்த்தாலே எத்தனை ஆம்பியர் என்று சொல்லி விடலாம். பழுப்பு என்றால் 7.5. சிவப்பு 10. நீலம் 15. மஞ்சள் 20. பச்சை 30. மேலே எண்ணும் போட்டு இருக்கும்.

பியூசை 15 ஆம்பியர் தாண்டிய அந்த நொடியே அறுந்து விடும் என்று பலரும் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. 2 மடங்கு மின்சாரம் பாய்ந்தால் 5 விநாடிக்குள் அறுந்து விடும். பத்தில் ஒரு பங்கு மட்டும் கூடுதலாகப் பாய்ந்தால் மணிக்கணக்கில் தாங்கிக்கொண்டு இருக்கும். இதைத் தெரிந்து கொண்டால்தான் அடுத்த விஷயம் புரியும்.

கம்பெனி ஹெட்லைட் பல்பு பெரும்பாலும் 60/55 வாட். 60-ஐ பேட்டரியின் 12 வோல்ட்டால் வகுத்தால் 5 ஆம்பியர். வெளிச்சம் போதவில்லை என்று கடையில் 100/90 வாட் பல்பு வாங்கி மாட்டினால் ஒரு பல்புக்கு 8.3 ஆம்பியர். 2 பல்புக்கும் ஒரே பியூஸ் உள்ள வண்டியாக இருந்தால் 16.6 ஆம்பியர். அங்கே இருக்கும் 15 ஆம்பியர் பியூஸ் இதைக் கண்டுகொள்ளாமல் பல மணி நேரம் தாங்கும். ஆனால் 5 ஆம்பியருக்குப் பழகிய மெல்லிய ஒயரும், பல்பு ஹோல்டரும் அதுவரை வெந்துகொண்டே இருக்கும். ஹோல்டர் உருகி, பழுப்பு நிறத்தில் நொறுங்கி வருவதற்கு இதுதான் பெரும்பாலும் காரணம்.

செம்புக்கம்பி சுற்றினால் கதை இன்னும் மோசம். கார் பேட்டரியால் ஒரே நேரத்தில் நூற்றுக்கணக்கான ஆம்பியர் மின்சாரத்தைக் கொட்ட முடியும். தடுக்க ஆள் இல்லை. அப்போது பியூசாக வேலை செய்வது ஒயர்தான். அது கார் முழுக்க ஓடுகிறது. சீட்டுக்கு அடியிலும் ஓடுகிறது.

வாய்க்கால் கணக்கு

சரி, பியூஸ் ஏன் போகிறது, ஒயர் எங்கே அறுந்தது என்று கண்டுபிடிப்பது எப்படி? ஆட்டோ எலக்ட்ரீசியன் மல்டி மீட்டரை எடுத்து, சத்தம் போடும் குறியீட்டுக்குத் திருப்பி, 2 முனையையும் ஒயரின் 2 பக்கமும் வைப்பார். 'பீப்' என்றால் பாதை இருக்கிறது. சத்தம் இல்லை என்றால் பாதை அறுந்து விட்டது. இதற்குத்தான் கன்டினியூட்டி பார்ப்பது என்று பெயர்.

மீட்டருக்குள் இருக்கும் சின்ன பேட்டரி ஒரு முனை வழியாகத் துளி மின்சாரத்தை அனுப்புகிறது. அது அடுத்த முனைக்கு வந்து சேர்ந்தால் மீட்டர் கத்துகிறது. அவ்வளவுதான். வாய்க்காலில் ஒரு குடம் தண்ணீரை ஊற்றி விட்டு, கடைமடையில் ஈரம் தெரிகிறதா என்று பார்ப்பது மாதிரி.

ஈரம் தெரிந்தால் வாய்க்கால் அறுபடவில்லை என்று அர்த்தம். வயலுக்குத் தேவையான தண்ணீர் அதில் வரும் என்று அர்த்தமா? வாய்க்கால் முக்கால்வாசி தூர்ந்து போய் இருந்தாலும் ஒரு குடம் தண்ணீர் எப்படியோ கசிந்து போய்ச் சேரும்.

ஒயரிலும் இதேதான். உள்ளே 20 இழை இருக்கும் ஒயரில் 19 இழை அறுந்து, ஒரே ஒரு இழை ஒட்டிக்கொண்டு இருந்தாலும் மீட்டர் 'பீப்' என்று கத்தும். சில மீட்டர்கள் 30 ஓம், 50 ஓம் தடை இருந்தால்கூடக் கத்தும். ஓம் என்பது மின்சாரத்துக்கு உள்ள தடையின் அளவு. 1827-ல் இந்தக் கணக்கைப் புத்தகமாகப் போட்ட ஜார்ஜ் ஓம் என்ற ஜெர்மன்காரரின் பெயர் அது. பள்ளிக்கூட வாத்தியாராக இருந்தவர்.

கெட்டுப்போன ஒரு இணைப்பில் 1 ஓம் தடை இருப்பதாக வைத்துக் கொள்வோம். மீட்டர் சந்தோஷமாகக் கத்தும். ஆனால் எரிகிற 55 வாட் பல்பின் தடையே சுமார் 2.6 ஓம்தான். அதனால் 12 வோல்ட்டில் பல்புக்குப் போய்ச் சேருவது 8, 9 வோல்ட்தான். லைட் மங்கி, மஞ்சளாக எரியும். மிச்ச வோல்ட் எங்கே போச்சு? அந்தக் கெட்ட இணைப்பிலேயே சூடாக மாறிக்கொண்டு இருக்கிறது. 10 வாட்டுக்கும் மேல் வரும். ஈயம் உருக்கும் சின்ன சால்டரிங் அயன் 25 வாட். அதில் பாதி அளவு சூடு, ஒரு பிளாஸ்டிக் கப்ளருக்குள் அடைபட்டுக் கிடக்கிறது.

"மீட்டர் வச்சுப் பாத்தாச்சு அண்ணாச்சி, ஒயர் நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லி பல்பையும், ரிலேயையும் மாற்றிக் காசு வாங்கும் இடம் இதுதான். எல்லோரும் ஏமாற்றுகிறார்கள் என்று சொல்ல முடியாது. பீப் சத்தத்தை நம்பி அவர்களே ஏமாந்து போவதும் உண்டு.

முதலில் மீட்டரைப் பாருங்கள்

மீட்டரை வைக்கும் முன்பு அதன் 2 முனைகளையும் ஒன்றோடு ஒன்று தொட்டுப் பார்க்க வேண்டும். கத்தவில்லை என்றால் கோளாறு காரில் இல்லை. மீட்டர் பேட்டரி தீர்ந்து இருக்கும் அல்லது மீட்டரின் சொந்த ஒயரே உள்ளே அறுந்து இருக்கும். இதைப் பார்க்காமல் ஒரு மணி நேரம் காரைக் குடைந்தவர்கள் நிறைய.

கன்டினியூட்டி பார்க்கும் இடத்தில் கரண்ட் இருக்கக்கூடாது. சாவியை எடுத்து விட்டு, பேட்டரியின் மைனஸ் முனையைக் கழற்றி வைத்து விட வேண்டும். பிளஸ்சை முதலில் கழற்றினால் ஸ்பேனர் பாடியில் பட்டுப் பொறி பறக்கும். கரண்ட் ஓடும் ஒயரில் இப்படி மீட்டரை வைத்தால் தப்பான சேதி சொல்லும். மலிவு மீட்டராக இருந்தால் அதோடு கதை கந்தல்.

பியூசைப் பார்ப்பது சுலபம். பிடுங்கி எடுத்து, 2 காலிலும் முனைகளை வைத்தால் முடிந்தது. பெட்டியில் இருக்கும்போதே வைத்தால் வேறு வழியாகச் சுற்றி வந்து கத்தி விடலாம். கண்ணுக்கு முழுசாகத் தெரிகிற பியூசில் மயிரிழை வெடிப்பு இருப்பதும் உண்டு. அதனால் கண்ணை நம்ப வேண்டாம்.

பிடுங்காமல் பார்க்கவும் வழி உண்டு. பியூஸ் தலையில் 2 சின்னப் புள்ளிகளில் உலோகம் தெரியும். சாவியைப் போட்டு, அந்த சர்க்யூட்டை ஆன் செய்து, டெஸ்ட் லைட்டின் கிளிப்பை பாடியில் மாட்டி, ஊசியால் 2 புள்ளியையும் தொட வேண்டும். 2 பக்கமும் எரிந்தால் பியூஸ் நல்லது. ஒரு பக்கம் மட்டும் எரிந்தால் போய் விட்டது. இரு பக்கமும் எரியவில்லையா? கோளாறு பியூசுக்கு முன்னாலேயே இருக்கிறது.

ஒயர் சோதனையில் ஒரு சின்னச் சிக்கல் உண்டு. டேஷ்போர்டில் இருந்து டிக்கி வரை ஓடும் ஒயருக்கு மீட்டரின் கை எட்டாது. அதற்கு எலக்ட்ரீசியன்கள் வைத்து இருக்கும் தந்திரம், டிக்கி பக்க முனையை எல்லா இணைப்பில் இருந்தும் விடுவித்து, கார் பாடியில் தொட்டு வைத்து விடுவது. இந்தப் பக்க முனைக்கும், பாடிக்கும் நடுவில் மீட்டரை வைத்தால் போதும். 'பீப்' என்றால் ஒயர் அறுபடவில்லை.

மீட்டர் முனையை வைத்துக்கொண்டே ஒயரை ஆட்டிப் பார்க்க மறக்கக்கூடாது. கதவுக்கும், பாடிக்கும் நடுவில் இருக்கும் ரப்பர் குழாய், டிக்கி மூடி மடங்கும் இடம் ஆகிய இரண்டும்தான் ஒயர் அதிகம் அறுபடும் இடங்கள். தினமும் மடங்கி மடங்கி உள்ளே செம்பு அறுந்து போகும். மேலே உறை அப்படியே பளபளப்பாக இருக்கும். கதவு மூடி இருந்தால் பவர் விண்டோ வேலை செய்யும், திறந்தால் செய்யாது என்றால் சந்தேகமே வேண்டாம்.

கத்துவதும் பொய், கத்தாததும் பொய்

ஹெட்லைட் ஒயருக்கும், பாடிக்கும் நடுவில் மீட்டரை வைத்ததும் 'பீப்' என்று கத்தியது. உடனே ஷார்ட் என்று முடிவு கட்டி விடக்கூடாது. பல்பு மாட்டி இருந்தால் அந்த பல்பு கம்பி வழியாகவே மின்சாரம் எர்த்துக்குப் போகும். ஆறிய நிலையில் ஹெட்லைட் பல்பின் தடை 1 ஓமுக்கும் குறைவு. மீட்டருக்கு அதுவும் ஒயர்தான். பல்பைக் கழற்றிய பிறகும் கத்தினால்தான் அது ஷார்ட்.

ரிலே விஷயத்தில் நேர் எதிர். 85, 86 என்று எண் போட்ட கால்களுக்கு நடுவில் காயில் இருக்கிறது. அதன் தடை 70 முதல் 100 ஓம் வரை இருக்கும். அதனால் பல மீட்டர்கள் கத்தாது. சத்தம் வரவில்லை என்று நல்ல ரிலேயைக் குப்பையில் போட்டு விடுகிறார்கள். மீட்டரை ஓம் அளவுக்குத் திருப்பி எண்ணைப் பார்த்தால் உண்மை தெரிந்து விடும். எல்.இ.டி. பல்பும் இப்படித்தான். நல்லதாக இருந்தாலும் கத்தாது.

பியூசுக்குப் பதில் பல்பு

திரும்பத் திரும்ப பியூஸ் போகிறது என்றால், ஒவ்வொரு முறையும் புது பியூசைப் போட்டுப் பார்ப்பது காசைக் கரியாக்கும் வேலை. பழைய எலக்ட்ரீசியன்கள் கருகிய பியூசின் இடத்தில் ஒரு 21 வாட் பிரேக் லைட் பல்பை 2 ஒயரோடு சொருகி விடுவார்கள். இந்த பல்பு 2 ஆம்பியருக்கு மேல் மின்சாரத்தை விடாது. ஒயர் எங்காவது பாடியில் தொட்டுக்கொண்டு இருந்தால் பல்பு முழுப் பிரகாசமாக எரியும்.

பிறகு அந்த பியூசில் இருந்து போகும் சாமான்களின் கப்ளரை ஒவ்வொன்றாகக் கழற்ற வேண்டும். எதைக் கழற்றியதும் பல்பு அணைகிறதோ, அந்த வழியில்தான் ஷார்ட். எல்லாவற்றையும் கழற்றிய பிறகும் எரிந்தால் கோளாறு நடு ஒயரில். ஒருவர் பல்பைப் பார்த்துக்கொண்டு இருக்க, இன்னொருவர் ஒயர் கட்டை மெதுவாக ஆட்டிக்கொண்டே போனால், எந்த இடத்தில் பல்பு கண் சிமிட்டுகிறதோ அங்கே பிரித்துப் பார்க்கலாம். இதற்கு மீட்டரே வேண்டாம். மீட்டரை விடவும் இது நம்பகம் என்று சொல்கிறவர்கள் உண்டு. அது ஓரளவு நியாயமும் கூட. துளி மின்சாரத்தை வைத்துச் சொல்வதை விட, பல்பு எரிகிற மின்சாரத்தை வைத்துச் சொல்வதற்கு மதிப்பு அதிகம்.

உப்புக்காற்றும், வெள்ளமும்

காரில் பிளஸ் ஒயர்தான் ஒவ்வொரு சாமானுக்கும் தனித்தனியாகப் போகிறது. திரும்பி வரும் வழி கார் பாடிதான். பாடியில் போல்ட் போட்டு முறுக்கி இருக்கும் எர்த் முனை துருப்பிடித்தால் திரும்பும் வழி அடைபட்டுப் போகும். கடற்கரை ஊரான தூத்துக்குடியில் இது தினசரிப் பிரச்சினை. துறைமுகம், உப்பளம் பக்கம் வெட்டவெளியில் நிற்கும் வண்டிகளுக்கு மிச்ச ஊர்களை விடச் சீக்கிரமே எர்த் கெட்டு விடும்.

எர்த் கெட்டதற்கு ஒரு வேடிக்கையான அடையாளம் உண்டு. இண்டிகேட்டர் போட்டால் பின்பக்க சின்ன லைட்டும் சேர்ந்து மினுக்கும். பிரேக் மிதித்தால் இண்டிகேட்டர் லேசாக எரியும். வழி அடைபட்ட மின்சாரம் பக்கத்து பல்பு வழியாகச் சந்து தேடிப் போவதால் வரும் கூத்து இது. போல்ட்டைக் கழற்றி, உப்புத்தாளால் பளபளப்பாகத் தேய்த்து, இறுக்கி, மேலே கிரீஸ் தடவினால் பாதிக் கோளாறுகள் காணாமல் போய் விடும். செலவு கிட்டத்தட்ட ஒன்றும் இல்லை.

2023 டிசம்பர் 17, 18-ந்தேதிகளில் கொட்டிய மழையை இந்த மாவட்டம் மறக்காது. காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் 95 சென்டி மீட்டர் மழை பதிவானது. வீட்டு வாசலில் நின்ற வண்டிகள் வெள்ளத்தில் மூழ்கின. இப்படி மூழ்கிய வண்டி காய்ந்ததும் ஓடும். தொல்லை மாதக்கணக்கில் கழித்துத்தான் தலைகாட்டும். கார்ப்பெட்டுக்கு அடியில் இருக்கும் கப்ளர்களுக்குள் நின்ற தண்ணீர், செம்பைப் பச்சையாகப் பூக்க வைத்து விடும். அந்தப் பச்சைப் பூச்சோடும் மீட்டர் 'பீப்' என்று கத்தும். பழைய வண்டி வாங்குகிறவர்கள் டிரைவர் சீட்டுக்கு அடியில் ஒரு கப்ளரையாவது கழற்றிப் பார்த்து விடுவது நல்லது.

எலியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். 4 நாள் வண்டியை எடுக்காமல் நிறுத்தினால் போதும். ஒயர் உறையைக் கடித்து விட்டுச் செம்பை அப்படியே விட்டு விடும். கன்டினியூட்டி பார்த்தால் எல்லாம் சரி என்று சொல்லும். மழை பெய்யும்போது மட்டும் பியூஸ் போகும்.

எரிய விட்டு அளக்க வேண்டும்

அப்படியானால் ஒயர் உண்மையிலேயே நல்லதா என்று தெரிந்து கொள்வது எப்படி? பேட்டரியை மாட்டி, லைட்டை எரிய விட்டு அளக்க வேண்டும்.

மீட்டரை 20 வோல்ட் டி.சி. அளவுக்குத் திருப்ப வேண்டும். ஒரு முனையை பேட்டரியின் பிளஸ்சிலும், மறு முனையை எரிகிற பல்பின் பிளஸ் காலிலும் வைக்க வேண்டும். வழியில் எத்தனை வோல்ட் தொலைகிறது என்று மீட்டர் காட்டும். அரை வோல்ட்டுக்குள் இருந்தால் கவலை இல்லை. 1 வோல்ட், 2 வோல்ட் என்று காட்டினால் ஸ்விட்ச், ரிலே, கப்ளர், ஒயர் ஆகிய 4-ல் ஒன்று அதைத் தின்கிறது. முனையை ஒவ்வொரு கட்டமாக நகர்த்தினால் திருடன் அகப்பட்டு விடுவான்.

அடுத்து பல்பின் எர்த் காலுக்கும், பேட்டரி மைனசுக்கும் நடுவில் இதே மாதிரி பார்க்க வேண்டும். இங்கே 0.2 வோல்ட்டுக்கு மேல் போகக்கூடாது. போனால் உப்புத்தாளை எடுக்க வேண்டியதுதான்.

இந்தச் சோதனைக்கு 5 நிமிஷம்கூட ஆகாது. புதிய பல்பு, புதிய ரிலே, புதிய ஸ்விட்ச் என்று பணம் கொடுக்கும் முன்பு "இதை ஒருக்கா எரிய விட்டு அளந்து காட்டுங்க அண்ணாச்சி" என்று கேட்கலாம். தொழில் தெரிந்தவர் கோபப்பட மாட்டார்.

இதைத் தொடாதீர்கள்

மஞ்சள் கலர் கப்ளர் அல்லது மஞ்சள் உறை சுற்றிய ஒயர் என்றால் ஏர்பேக். புதிய கார்களில் டிரைவர் ஏர்பேக் 2019 ஜூலை முதல் கட்டாயம். கன்டினியூட்டி பார்க்க மீட்டர் அனுப்பும் அந்தத் துளி மின்சாரமே ஏர்பேக்கை வெடிக்க வைத்து விடும் ஆபத்து உண்டு. ஸ்டீரிங்குக்கு எதிரே முகத்தை வைத்துக்கொண்டு இந்த விளையாட்டு வேண்டாம். என்ஜின் கம்ப்யூட்டருக்குப் போகும் ஒயர்களில் பல்பு வைத்த டெஸ்ட் லைட்டைக் குத்துவதும் ஆகாது. பல்பு இழுக்கும் மின்சாரத்தை அந்தச் சின்ன சாமான்கள் தாங்காது.

மின்சாரக் கார்களிலும் லைட், ஹாரனுக்கு இதே 12 வோல்ட் பேட்டரிதான். ஆனால் ஆரஞ்சு கலர் கேபிள் கண்ணில் பட்டால் கையை எடுத்து விட வேண்டும். அதில் இருப்பது உயிரைக் குடிக்கும் வோல்ட். 2025 ஆகஸ்டில் தூத்துக்குடியிலேயே மின்சாரக் கார் தொழிற்சாலை திறக்கப்பட்டு விட்டது. உள்ளூர் பட்டறைகளுக்கும் இந்த வண்டிகள் வர அதிக நாள் ஆகாது.

ஆத்தூர் தாண்டி நின்ற அந்தக் காருக்கு வருவோம். போட்டதும் எரிந்தது, வேகத்தடையில் குலுங்கியதும் போனது. அதிலேயே விடை இருக்கிறது. ஹெட்லைட்டுக்குப் போகும் ஒயர், வழியில் எங்கோ ஒரு தகட்டின் விளிம்பில் உரசி உரசி உறை தேய்ந்து, குலுங்கும்போது மட்டும் பாடியைத் தொடுகிறது. வண்டி நிற்கும்போது எத்தனை முறை மீட்டர் வைத்தாலும் இது சிக்காது. ஒயரை ஆட்டிக்கொண்டே பார்த்தால்தான் சிக்கும்.

ராத்திரி நேரத்தில் அந்த டிரைவர் பானெட்டைத் திறந்து, வலதுபக்க ஹெட்லைட்டுக்குப் பின்னால் ஒயர் எங்கே உரசுகிறது என்று தடவிப் பார்த்து இருக்கலாம். தேய்ந்த இடத்தில் டேப் சுற்றி, விளிம்பில் படாமல் இழுத்துக் கட்டி விட்டு, டேப் ரெக்கார்டருக்கு 15 ஆம்பியர் பியூஸ் இருந்தால் அதைப் பிடுங்கி ஹெட்லைட்டுக்குப் போட்டு இருக்கலாம். பாட்டு இல்லாமல் தூத்துக்குடி வந்து சேர முக்கால் மணி நேரம்தான். அதுவும் போய் விட்டால், 4 பக்க இண்டிகேட்டரையும் போட்டு ஓரமாக நின்று வேறு வண்டி வரவழைப்பதைத் தவிர வேறு வழி இல்லை.

காலையில் பட்டறையில், டேப் சுற்றிய இடத்தைப் பிரித்துப் பார்க்கச் சொல்ல வேண்டும். செம்பு இழை அறுந்து இருந்தால் அந்தத் துண்டை வெட்டி எடுத்து விட்டு, அதே கனத்தில் புது ஒயர் வைத்து, ஈயம் பற்ற வைத்து, மேலே சுருங்கும் டியூப் போட வேண்டும். வெறுமனே முறுக்கி டேப் ஒட்டினால் அடுத்த மழைக்குள் பச்சை பூத்து விடும். அப்போதும் மீட்டர் 'பீப்' என்றுதான் சொல்லும்.